'வீட்டு மணம்' உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?

ரொம்ப நாள் கழித்து ஒரு பதிவு. ஆபீசில் ஆணி அதிகம், அதனால் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. இன்றைக்கும் எழுதுகிற மூடில் இல்லை. ஆனால் ஒரு கோபம் ரொம்ப நாளாக நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. கொட்டிவிட்டால் தேவலை என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

2024 ஐப்பசி. தீபாவளி முடிந்து டெல்லி முழுக்கப் புகை மூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் மயூர் விஹார் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் மூன்றாவது மாடி அக்கா. அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். கையில் ஒரு பழுப்பு நிற ரிஜிஸ்டர் தபால் கவர்.

"தம்பி, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க. அவுக ஊர்ல இல்ல. போலீசு கேசு ஏதும் ஆயிருமா?"

அக்காவைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கில் வீட்டுக்காரருக்குச் சம்பளம் பாதியானபோது இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி அரைத்து விற்க ஆரம்பித்தார். முதலில் எங்கள் பிளாக், அப்புறம் பக்கத்து பிளாக், அப்புறம் வாட்சப் குழு வழியாக நொய்டா, குர்கான் வரை. மாதம் நூறு பாக்கெட் போனால் பெரிய விஷயம். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு முறையாக வாங்கி வைத்திருக்கிறார். நான்கு வருஷம் வெறும் பிளாஸ்டிக் கவரில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தவர், அந்த வருஷம்தான் துணிந்து ஆயிரம் கவர் அச்சடித்தார். கவரின் மேலே பெரிதாகப் பெயர். அந்தப் பெயர்தான் வினை.

பெயரை நான் இங்கே அப்படியே எழுதினால் எனக்கும் ஒரு பழுப்புக் கவர் வரும். அதனால் 'வீட்டு மணம்' என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரும் இதே ரகம்தான். நம் வீடுகளில் தினமும் புழங்கும் இரண்டு தமிழ் வார்த்தைகள், சாப்பாட்டைப் புகழ்ந்து யாரும் சொல்லக்கூடியவை.

நோட்டீஸ் அனுப்பியது மசாலா விற்கிற ஒரு நிறுவனத்தின் வக்கீல். 'வீட்டு மணம்' எங்கள் கட்சிக்காரரின் பதிவு பெற்ற வணிகக் குறி. நீங்கள் அதைத் திருடிவிட்டீர்கள். ஏழு நாளுக்குள் எல்லாக் கவரையும் ஒப்படைத்து, எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டு, ஐந்து லட்சம் நஷ்ட ஈடு கட்ட வேண்டும். தவறினால் சிவில், கிரிமினல் இரண்டும் பாயும். ஆறு பக்கம் ஆங்கிலம். 'டிஸ்ஹானஸ்ட்' என்ற வார்த்தையை மட்டும் அக்கா எப்படியோ படித்துப் புரிந்துகொண்டு விட்டார். "நான் என்னத்த தம்பி திருடுனேன்?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. தங்கமணி அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்தாள்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்கு வழக்கு பார்க்கிறவன். வேலை நிமித்தமாக இந்த வணிகக் குறி விண்ணப்பங்கள், பதில்கள், கட்டணங்கள் எல்லாம் பல வருஷமாக என் மேசை வழியாகப் போய் வருவதால் கொஞ்சம் பழக்கம். அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். என் கேள்வி ஒன்றே ஒன்று. சரக்கு எப்படிப்பட்டது என்று சொல்கிற ஒரு சாதாரண வார்த்தையை ஒருவர் தனக்கு மட்டும் என்று பதிவு செய்துகொள்ள முடியுமா? முடியாது, முடியவும் கூடாது என்பது என் கட்சி.

வணிகக் குறி எதற்கு இருக்கிறது? இந்தச் சரக்கு இன்னாரிடமிருந்து வருகிறது என்று வாங்குகிறவருக்குக் காட்ட. சரக்கு காரமாக இருக்கும், மொறுமொறுப்பாக இருக்கும், வீட்டில் செய்தது போல இருக்கும் என்பதைச் சொல்ல மொழி இருக்கிறது. மொழி எல்லாருக்கும் பொது.

ஒரு உதாரணம். பருப்பு விற்கிறவர் 'துவரம் பருப்பு' என்ற பெயரைத் தனக்கே என்று கேட்டால் சிரிப்போம். அடுத்த கடைக்காரர் தன் மூட்டையில் என்ன எழுதுவார்? அதே 'துவரம் பருப்பு' என்ற பெயரில் ஒருவர் சட்டை தைத்து விற்றால் அது அருமையான வணிகக் குறி :-) சட்டைக்கும் பருப்புக்கும் சம்பந்தமே இல்லை, அதனால் யார் வாயையும் அது கட்டாது. கம்ப்யூட்டருக்கு ஆப்பிள் என்று பெயர் வைத்ததும் இதே கதைதான். கோடக் என்பது எந்த மொழியிலும் இல்லாத, புதிதாக உண்டாக்கிய சொல். நம்ம ஊரில் தலைப்பாகை கட்டியவர் போட்ட பிரியாணி தலைப்பாக்கட்டி ஆனது. தலைப்பாகைக்கும் சீரகச் சம்பா அரிசிக்கும் என்ன உறவு? பெயர் நிற்பதே அதனால்தான். 'ருசியான பிரியாணி' என்று வைத்திருந்தால் அதை அவர் மட்டும் எப்படிக் கொண்டாட முடியும்?

இது என் சொந்தச் சரக்கு இல்லை. சட்டமே இதைத்தான் சொல்கிறது. 1999-ம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம், 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. அதன் 9(1)(பி) பிரிவு சொல்வது: சரக்கின் வகை, தரம், அளவு, பயன், மதிப்பு, விளைந்த ஊர், தயாரித்த காலம் போன்றவற்றைக் குறிக்கும் சொற்களால் மட்டுமே ஆன குறியைப் பதிவு செய்யக் கூடாது. அடுத்த உட்பிரிவு, அந்தத் தொழிலில் எல்லாரும் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளுக்கும் தடை போடுகிறது.

நீதிமன்றங்களும் பல தடவை மண்டையில் குட்டியிருக்கின்றன. பெரிய பெரிய தலைகளுக்கே குட்டு விழுந்திருக்கிறது.

1977-ல் சிகரெட்டுக்கு 'சிம்லா' என்று பெயர் கேட்டுப் போனது இம்பீரியல் டொபாக்கோ. கல்கத்தா உயர் நீதிமன்றம், பிரபலமான ஊர்ப் பெயரை ஒருவருக்கு எழுதித் தர முடியாது என்று அனுப்பிவிட்டது.

சஃபோலா எண்ணெய் விற்கும் மாரிகோ, 'லோசார்ப்' என்று பதிவு செய்து வைத்திருந்தது. எண்ணெயைக் குறைவாக உறிஞ்சும் என்று அர்த்தம் வருகிற 'லோ அப்சார்ப்' என்பதைத்தான் சுருக்கி அப்படி ஆக்கியிருந்தார்கள். சன்ட்ராப் விற்ற அக்ரோ டெக் தன் பாட்டிலில் 'லோ அப்சார்ப் டெக்னாலஜி' என்று போட்டதும் வழக்கு. 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மாரிகோ கேட்ட தடையைத் தர மறுத்தது. எழுத்தை முழுங்கி, ஒட்டி, வெட்டி எழுதினாலும் விளக்கச் சொல் விளக்கச் சொல்தான், கையில் பதிவுச் சான்றிதழ் இருந்தாலும் அடுத்தவர் தன் சரக்கின் குணத்தைச் சொல்வதைத் தடுக்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

'சுகர் ஃப்ரீ' வழக்கு இன்னும் சுவாரசியம். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டியை அந்தப் பெயரில் விற்ற காடிலா, அமுல் தன் ஐஸ்கிரீம் ரக இனிப்பு மேல் 'சுகர் ஃப்ரீ' என்று எழுதியதை எதிர்த்தது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு வரை போனது. சர்க்கரை இல்லாததைச் சர்க்கரை இல்லாதது என்று சொல்வதை நிறுத்த முடியாது. ஆனால் அமுல் என்ற தன் பெயரைவிட அந்த வார்த்தையைப் பூதாகரமாக அச்சடிக்காதே என்று ஒரு கடிவாளமும் போட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த நியாயம் இது. வார்த்தையை எடுத்துக்கொள், ஆனால் ஊரை ஏமாற்றாதே.

நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஒரு கதை. ஐடிசி யிப்பீ நூடுல்ஸில் 'மேஜிக் மசாலா'. நெஸ்லே மேகியில் 'மேஜிக்கல் மசாலா'. 2013-ல் ஐடிசி போட்ட வழக்கு. 2020-ல் தீர்ப்பு வந்தது. 'மேஜிக்' என்பது சரக்கைப் புகழும் வார்த்தை, தொழிலில் பலரும் புழங்குவது, யாருக்கும் ஏகபோகம் இல்லை, வழக்குத் தள்ளுபடி. நூடுல்ஸ் ஆறுவதற்குள் முடிய வேண்டிய சமாச்சாரம் ஏழு வருஷம் ஓடியது.

இன்னும் உண்டு. 'ஷாதி' என்றால் கல்யாணம், அது ஒரு இணையதளத்தின் சொத்தாக முடியாது என்று 2016-ல் பம்பாய் உயர் நீதிமன்றம். 'புக்மை' என்ற தொடக்கத்தை புக்மைஷோ மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2017-ல் டெல்லி. ஃபோன்பே, பாரத்பே மீது போட்ட வழக்கில் 'பே' என்ற துண்டுக்குத் தனி உரிமை இல்லை என்று 2021-ல் மறுபடி டெல்லி, இடைக்காலத் தடை தர மறுத்தது. அவர்கள் 2024-ல் சமாதானம் ஆகிவிட்டார்கள். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனக்குக் கேட்டவருக்கு 2015-ல் உச்ச நீதிமன்றமே முடியாது என்றது.

இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, அப்புறம் அக்காவுக்கு எப்படி நோட்டீஸ் வருகிறது?

அங்கேதான் சூட்சுமம். மேலே சொன்ன வழக்குகளைத் திரும்பப் பாருங்கள். பலவற்றில் இரண்டு பக்கமும் யானைகள். அமுலுக்கும் நெஸ்லேவுக்கும் நோட்டீஸ் போனால் அவர்கள் பயப்பட மாட்டார்கள். அவர்களுக்கு வக்கீல் படையே இருக்கிறது. அதனால் அந்த வழக்குகள் தீர்ப்பு வரைக்கும் போகின்றன, நாம் படிக்கிறோம். மாதம் நூறு பாக்கெட் விற்கிறவருக்கு வரும் நோட்டீஸ் தீர்ப்பு வரைக்கும் போவதே இல்லை. அது வாசலிலேயே ஜெயித்துவிடுகிறது.

அன்றைக்கு மத்தியானமே நான் வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடினேன். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். நோட்டீசில் கொடுத்திருந்த எண்ணைப் போட்டால் வந்தது பாருங்கள்! பதிவானது வார்த்தை இல்லை, லேபிள். ஒரு வீட்டுப் படம், அதன் மேல் புகை மாதிரி ஒரு வளைவு, பச்சை சிவப்பு நிறம், நடுவில் அந்த இரண்டு வார்த்தைகள். எல்லாம் சேர்ந்த மொத்தப் படத்துக்குத்தான் 30-ம் வகுப்பில் பதிவு. மசாலா, காபி, மாவு எல்லாம் வருகிற வகுப்பு அது.

சட்டத்தின் 17-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒரு குறியை மொத்தமாகப் பதிவு செய்தால் மொத்தத்துக்குத்தான் உரிமை. உள்ளே இருக்கும் ஒரு பகுதி தொழிலுக்குப் பொதுவானதாகவோ தனித்தன்மை இல்லாததாகவோ இருந்தால், அந்தப் பகுதிக்குத் தனி உரிமை கிடையாது. அதாவது வீட்டுப் படமும் புகையும் நிறமும் சேர்ந்த அந்த லேபிளை அக்கா காப்பியடித்திருந்தால் தப்பு. அக்காவின் கவரில் இருந்ததோ மஞ்சள் நிறத்தில் ஒரு அம்மிக்கல். எங்கே இருக்கிறது திருட்டு?

இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரியும். நோட்டீஸ் எழுதிய வக்கீலுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஆறு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட 'லேபிள்' என்ற வார்த்தை வராமல் எழுதியிருக்கிறார். என் கோபம் இதுதான். சட்டம் கொடுக்காத உரிமையை லெட்டர்பேடு கொடுக்கிறது.

இன்னொரு விஷயம், நம்மைப் போல வெளியூரில் இருக்கிற தமிழர்களுக்கு உறைக்க வேண்டியது. ஆங்கிலத்தில் 'டேஸ்டி மசாலா' என்று கேட்டால் பரிசோதகர் பார்த்த மாத்திரத்தில் ஆட்சேபணை எழுதுவார். தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில் எழுதிக் கேட்டால்? தமிழ் தெரியாத காதுக்கு அது ஏதோ புதுசாக உண்டாக்கிய பெயர் மாதிரிதானே ஒலிக்கும்? ஆங்கில எழுத்தில் மனம், மணம் இரண்டும் ஒன்றுதான். மானமும்கூட அப்படியே போய்விடும் :-) ஆங்கிலமோ இந்தியோ அல்லாத எழுத்தில் சொல் இருந்தால் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் கொடுக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. ஆனால் மொழிபெயர்ப்பைக் கொடுப்பது விண்ணப்பிப்பவர். 'வீட்டு மணம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், ஊதுபத்தி விளம்பரம் மாதிரி இருக்கும். மசாலாவுக்கு அது விளக்கச் சொல் என்று யாருக்குத் தோன்றும்? நம் அம்மா சமையலறையைத் தெரிந்தவருக்குத்தான் தோன்றும்.

இந்தி, ஆங்கில வார்த்தைகளுக்குக் காவல் இருக்கிறது, நம் வார்த்தைகளுக்கு அவ்வளவு காவல் இல்லை. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எதுவானாலும் அந்த மொழி தெரிந்த ஒரு பரிசோதகர் பார்க்காமல் அந்த மொழிச் சொல்லை விளம்பரத்துக்கு அனுப்பக் கூடாது. சென்னையில் பதிவகத்தின் கிளை இருக்கிறது. ஃபைலை அங்கே அனுப்பிக் கேட்க என்ன கஷ்டம்?

இப்போது எதிர்க்கட்சி வாதம். "அண்ணாச்சி, ஒருத்தன் இருபது வருஷம் உழைச்சு, விளம்பரம் பண்ணி, அந்த வார்த்தையைக் கேட்டாலே அவன் சரக்குதான் ஞாபகம் வர்ற மாதிரி பண்ணிட்டான். அவனுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 9(1)-ன் கடைசியில் ஒரு விதிவிலக்கு: விண்ணப்பிக்கும் தேதிக்கு முன்பே புழக்கத்தினால் தனித்தன்மை பெற்றுவிட்ட குறியை மறுக்கக் கூடாது. தேயிலைக்கு 'சூப்பர் கப்' என்ற பெயர் பற்றிய வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றமும், விளக்கச் சொல்லானாலும் இரண்டாம் அர்த்தம் பெற்றுவிட்டால் பாதுகாப்பு உண்டு என்றது.

இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று கேள்விகள்.

முதலாவது, நிரூபணம் எங்கே? நிறைய விளம்பரம் பண்ணினேன் என்று பில்லைக் காட்டினால் போதாது. வாங்குகிற ஜனம் அந்த வார்த்தையைக் கேட்டதும் அர்த்தத்தை விட்டுவிட்டு அந்த ஆளை நினைக்கிறதா? 'வீட்டு மணம்' என்றால் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? எனக்கு எங்க ஆச்சி.

இரண்டாவது, அப்படியே நிரூபித்தாலும் 30(2)(ஏ), 35 இரண்டு பிரிவுகளும் அப்படியே நிற்கின்றன. நேர்மையாகத் தன் சரக்கின் குணத்தைச் சொல்கிறவரை, பதிவு பெற்றவரும் தடுக்க முடியாது.

மூன்றாவது, உழைத்தவரின் நற்பெயரைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது. அவர் கவர் மாதிரியே கவர், நிறம் மாதிரியே நிறம் போட்டு ஊரை ஏமாற்றுகிறவர் மீது, பதிவே இல்லாவிட்டாலும் 'பாசிங் ஆஃப்' வழக்குப் போடலாம். 27(2) பிரிவு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஏமாற்றைத் தடு என்றால் நானும் கூட வருகிறேன். வார்த்தையைக் கொடு என்றால் வர மாட்டேன்.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். இதையெல்லாம் அக்காவிடம் விளக்கி, "அந்த வார்த்தை அவுங்களுக்குச் சொந்தம் இல்லக்கா, யாருக்குமே சொந்தம் இல்ல" என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப நான் போய் முதல்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டா எனக்குச் சொந்தமாயிருமா தம்பி? நொய்டாவுல ஒருத்தி அதே பேரைப் போட்டு விக்கிறா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லக்கா, நீங்க போட்டாலும் தப்புதான்" என்றேன். அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. யார் பக்கம் பேசுகிறான் இவன் என்று நினைத்திருப்பார். ஆனால் அதுதானே உண்மை? ஆளைப் பார்த்து மாறினால் அது நியாயம் இல்லை. அம்மா சமையல், பாட்டி கைப்பக்குவம், கிராமத்து ருசி என்று ஊரெல்லாம் வைக்கிறோம், வைத்த மறுநாளே அது நம் பாட்டன் சொத்து என்று நினைத்துக்கொள்கிறோம். சுலபமான பெயர் சீக்கிரம் விற்கும். ஆனால் சுலபமான பெயருக்கு வேலி போட முடியாது. ரெண்டும் வேண்டும் என்றால் எப்படி?

ஊர்ப் பெயருக்கும் இதே நியாயம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ல், மணப்பாறை முறுக்கு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின. அந்தப் பெயர்கள் அங்கே செய்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பொது. தனி ஒருவர் வேலி போட முடியாது, வேறு ஊரில் செய்து அந்தப் பெயரை ஒட்டவும் முடியாது. பொதுச் சொத்தைப் பொதுவாகவே காப்பாற்ற வழி இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, அக்கா கதை என்ன ஆச்சு?

தெரிந்த வக்கீல் நண்பர் ஒருவர் காசு வாங்காமல் இரண்டு பக்கத்தில் பதில் எழுதிக் கொடுத்தார். உங்களிடம் இருப்பது லேபிள் பதிவு, 17-ன்படி வார்த்தைக்கு உரிமை இல்லை. எங்கள் உபயோகம் 30, 35-ன் கீழ் வருகிறது. இனியும் மிரட்டினால் ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக 142-வது பிரிவில் நாங்களே வழக்குப் போடுவோம். ரிஜிஸ்டர் தபாலில் போனது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இன்று வரை இல்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மார்கழியில் ஒரு நாள் பொடி வாங்கப் போனேன். பழையபடி வெறும் பிளாஸ்டிக் கவர், வெள்ளை ஸ்டிக்கர். "என்னக்கா, அச்சடிச்ச கவர் என்னாச்சு?" என்றேன். மிச்சமிருந்த அறுநூற்றுச் சொச்சம் கவரையும் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டாராம். பதில் போவதற்கு முன்பே, நோட்டீஸ் வந்த அன்றைக்கு ராத்திரியே.

"பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது தம்பி. வீட்டுக்குக் கோர்ட்டுக் காயிதம் வந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாக?"

இதற்கு எந்தப் பிரிவில் பதில் இருக்கிறது, சொல்லுங்கள். சட்டம் முழுக்க அவர் பக்கம் இருந்தும் தோற்றது அவர்தான். ஒரு காசு செலவில்லாமல் ஜெயித்தது அவர்கள்தான். அதனால்தான் சொல்கிறேன், இது பதிவு செய்யும் வாசலிலேயே தடுக்கப்பட வேண்டிய விஷயம். கோர்ட்டுக்குப் போனால் நியாயம் கிடைக்கும் என்பது கோர்ட்டுக்குப் போக முடிகிறவர்களுக்குத்தான் ஆறுதல். லேபிள் பதிவு கொடுக்கும்போதே, 'இந்த வார்த்தைக்குத் தனி உரிமை இல்லை' என்று சான்றிதழிலேயே தவறாமல் எழுத வேண்டும். நோட்டீஸ் அனுப்புகிறவர் அந்தச் சான்றிதழின் நகலையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தாலே பாதி மிரட்டல் அடங்கும்.

வீட்டிலிருந்து ஏதாவது செய்து விற்கிற நம் மக்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தைகள்.

1. கவர் அச்சடிப்பதற்கு முன் பதிவகத் தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

2. சரக்கை விவரிக்காத பெயராக வையுங்கள். உங்கள் ஊர்க் கண்மாய்க்கரை மரம், தாத்தாவின் பட்டப்பெயர், எதுவானாலும் சரி. தனிநபர், சிறு நிறுவனம் என்றால் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு 10 வருஷம், பிறகு புதுப்பிக்கலாம்.

3. பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று போட்டிருந்தால் பயப்படாதீர்கள். உரிமை கோருகிறார் என்றுதான் அர்த்தம், பதிவாகிவிட்டது என்று இல்லை. வட்டத்துக்குள் 'ஆர்' இருந்தால்தான் பதிவு. அதிலும் பதிவானது வார்த்தையா லேபிளா என்று பாருங்கள்.

4. பதிவகத்தின் இதழ் வாராவாரம் வருகிறது. நம் பொது வார்த்தை எதையாவது யாராவது கேட்டிருந்தால் விளம்பரமான நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். இணையவழியில் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய். சங்கம் என்று வைத்துப் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோமே, வருஷத்துக்கு ஒரு மனு சங்கமே போடக் கூடாதா?

5. நோட்டீஸ் வந்தால் அன்றைக்கு ராத்திரியே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். நாலு பேரிடம் காட்டுங்கள்.

அக்கா இப்போது புதுப் பெயர் வைத்திருக்கிறார். ஊரில் அவரைச் சின்னப் பிள்ளையில் கூப்பிட்ட பட்டப்பெயர். பொடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விண்ணப்பம் நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஆட்சேபணை எதுவும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

பொடி மட்டும் அதே பொடிதான். நேற்று ராத்திரி தோசைக்கு நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தேன். என்ன மணம் என்று சொல்ல வாய் வந்தது. வக்கீல் நோட்டீஸ் ஞாபகம் வந்து ஒரு நொடி நின்றுவிட்டேன். அப்புறம் சத்தமாகவே சொன்னேன்.